எதிர்த்த ஊட்டு அக்காவும் என்ற பார்சல் பொட்டியும்: அஞ்சு மாச ரிவ்யூ

கேட்டுக்குப் பக்கத்துல செவுத்துல பார்சல் போடற இரும்புப் பொட்டி ஒண்ணு மாட்டி அஞ்சு மாசம் ஆச்சுங்க. எங்க வீதில ரெண்டு பேரு, ஆபீஸ்ல ஒருத்தரு, எங்க வாங்குனீங்க என்ன வெலைன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிப்போடறேன். இது கடைல வாங்குன பொட்டி இல்ல, கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்துல ஒரு பட்டறைல சொல்லி செஞ்சது. கோட்டிங்கு, பூட்டு, மாட்டுக்கூலி எல்லாஞ் சேத்து 5,200 ரூவா ஆச்சு. பொட்டிக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன், பட்டறைக்காரருக்கு ரெண்டரை, அதுவும் மனுசன் நல்லவருங்கறதுக்காக.

முதல்ல எதுக்கு இந்தப் பொட்டின்னு சொல்லிப்போடறேன், இல்லைன்னா அஞ்சாயிரம் ரூவாய தண்டம் பண்ணிருக்கான்னு நினைப்பீங்க. நாங்க கணபதி பக்கம் குடியிருக்கறோம். நான் காந்திபுரத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ், ஊட்டுக்காரரு பம்பு கம்பெனி, பையன் ஸ்கூலு. காலைல ஒம்போதுக்கு மேல ஊட்டுல ஒரு ஈ காக்கா கெடையாது. ஆனா பார்சல்காரங்க கரெக்ட்டா பதினொண்ணுல இருந்து மூணு மணிக்குள்ளதான் வருவாங்க. போன் வரும், "மேடம் ஊடு பூட்டிருக்குதுங்க, எதிர்த்த ஊட்டுல குடுத்தரட்டுமா"ன்னு கேப்பாங்க, நானும் கம்ப்யூட்டரப் பாத்துட்டே சரி குடுத்துருங்கன்னு சொல்லிருவேன். மூணு வருசமா இப்படித்தான்.

எதிர்த்த ஊட்டு அக்காவப் பத்தி தப்பா சொல்லக் கூடாது. கச்சாயம் சுட்டா நாலு கொண்டாந்து குடுக்கும், பையனுக்கு காய்ச்சல்னா கசாயம் வச்சுக் குடுக்கும். ஆனா ஒரு பார்சல் அது கைக்குப் போச்சுன்னா முடிஞ்சுதுங்க. காதுக்குப் பக்கத்துல வச்சு ஆட்டிப் பாக்கும். ஸ்டிக்கர ஒரு எழுத்து விடாம படிக்கும், கண்ணாடி போட்டுட்டு. பொழுதோட நான் வாங்கப் போனா பார்சல கைல குடுக்காது, மடில வச்சுட்டே பேசும். "ஏங்கண்ணு, லேசா இருக்குதே, துணியா? நேத்து வந்ததும் துணிதானே? எத்தன துணிதான் எடுப்பே?" நான் பிரிச்சுக் காட்டற வரைக்கும் ஒரு வெசனமாவே உக்காந்திருக்கும். இதுல மாசத்துக்கு ஒரு தடவ அன்னூர்ல இருந்து மாமியார் வந்தாங்கன்னா, "உங்க மருமவளுக்கு வாரத்துக்கு நாலு பொட்டி வருதுங்க"ன்னு ஒரு ரிப்போர்ட்டு. நாலெல்லாம் இல்லீங்க, ரெண்டரை.

இதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். வெனை எங்க வந்துச்சுன்னா, ஊட்டுக்காரரு முடி கொட்டுதுன்னு யாருக்கும் தெரியாம ஏதோ ஒரு எண்ணெய், கூடவே மண்டைல உருட்டற ஊசி ரோலர் மாதிரி ஒண்ணு ஆர்டர் போட்டிருந்தாரு. எனக்கே சொல்லல. அந்த ஸ்டிக்கர்லயே என்ன சாமான்னு அச்சடிச்சு அனுப்பிருக்கான் புண்ணியவான். ஆவணில ஒரு காதுகுத்துச் சீருக்கு எங்க மாமியாரும் அக்காவும் போயிருக்காங்க, அங்க பந்தில உக்காந்து, "உங்க பையன் தலைக்கு மருந்து வாங்கறாப்பலங்க, இந்த வயசுலயே பாவம்"னு அக்கா சொல்ல, அதை எங்க மாமனாரோட பங்காளிங்க கேட்டு, அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துல மூணு பேரு இவரு தொப்பியக் கழட்டச் சொல்லிப் பாத்திருக்காங்க. அன்னைக்கு ராத்திரி சோறு கூட உண்கல, "எவ்வளவு ஆனாலும் செரி, பொட்டி ஒண்ணு வச்சே தீரோணும்"னு ஒரே புடி.

ஆன்லைன்ல பாத்தா நல்ல கனமான தகட்டுல இருந்ததெல்லாம் நான் பாத்த அன்னைக்கு எட்டாயிரத்துக்கு மேல. கொறஞ்ச வெலைல இருந்தது லெட்டர் பாக்ஸுக்கு அண்ணன் மாதிரி, ஒரு செருப்பு டப்பா கூட உள்ள போகாது. அதுவுமில்லாம கோயமுத்தூர்ல குடியிருந்துட்டு இரும்புப் பொட்டிய ஆன்லைன்ல வரவச்சா நாலு பேரு சிரிப்பாங்கன்னு இவரு சொன்னாரு. நாயந்தானுங்க, பம்புசெட்டுல இருந்து கிரைண்டர் வரைக்கும் ஊரெல்லாம் இங்க இருந்துதான் போகுது, கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே வாங்கி வச்சிருக்கறோம், நமக்கு ஒரு பொட்டி செஞ்சுக்கத் தெரியாதா. அதோட ஆன்லைன்ல போட்டா அந்தப் பொட்டியே அக்கா ஊட்டுக்குத்தான் போகும், அதை வேற பிரிச்சுக் காட்டோணும்.

பட்டறைக்காரரு நாலு நாள்ல தர்றேன்னாரு. நாங்க சொன்னது ஆயுத பூசைக்கு முந்தின வாரம். பூசைக்கு மிசின் எல்லாம் கழுவி பொட்டு வச்சு லீவு, அப்பறம் வெல்டிங் பையன் ஊருக்குப் போயிட்டான், அப்பறம் தகடு வரல, அப்பறம் தீபாவளி. போன் போட்டா "நாளைக்கு ரெடிங்க்கா"ன்னு அவ்வளவு மரியாதையா சொல்லுவாரு, வைய வாயே வராது. அந்த தீபாவளிக்கு வந்த அத்தன துணியும் அக்கா மடி வழியாத்தான் ஊட்டுக்கு வந்துச்சு.

கடைசில வந்துச்சு பாருங்க பொட்டி, பச்சைக் கலர்ல. நாங்க சொன்னது சாம்பல் கலரு. கேட்டா, பவுடர் கோட்டிங்ல ஒத்தப் பொட்டிக்குன்னு தனியா கலர் ஓட்ட மாட்டாங்களாமா, ஓவன்ல அன்னைக்கு எந்த கலர் லாட்டு ஓடுதோ அதோட சேத்து மாட்டி விட்டுருவாங்களாமா, அன்னைக்கு ஓடுனது மோட்டார் பாடி. தோட்டத்துல ஸ்டார்ட்டர் பொட்டி இருக்குமே, அச்சு அசலா அதே மாதிரி. மாட்டி அரை மணி நேரம் ஆகல, அக்கா வந்துருச்சு. "ஏங்கண்ணு, போர் போட்டிருக்கீங்களா? ஒரு வார்த்த சொல்லவே இல்ல?"

இது எதுக்குன்னு நான் விளக்குனேன், வெளியூர் போனா உதவும் அது இதுன்னு பூசி மொழுகித்தான் சொன்னேன். அக்கா சுத்திச் சுத்திப் பாத்துட்டு, மேல வாய் இருக்குதல்ல, அதுக்குள்ள கைய விட்டு, முந்தின நாள் டெஸ்ட்டுக்குன்னு நாங்க போட்டு வச்சிருந்த பழைய புத்தகப் பார்சல அப்படியே வெளிய எடுத்து என்ற கைல குடுத்துருச்சு. "இதுல கைய விட்டா எடுத்துப்போடலாமாட்ட இருக்குதே கண்ணு"ன்னு. அஞ்சாயிரம் ரூவா பொட்டிக்கு கிடைச்ச முதல் குவாலிட்டி ரிப்போர்ட் இதுதான். மறுபடியும் கழட்டி, பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயி (இருபது கிலோகிட்ட இருக்கும், ஸ்கூட்டர்ல முன்னால நிக்க வச்சு), உள்ள சாய்வா ஒரு தகடு வச்சு, வாய்க்கதவை இழுத்துத் தொறந்தா அதுவே அடியில போற வழிய அடைக்கற மாதிரி மாத்திட்டு வந்தோம். ஏடிஎம் பக்கத்துல செக்கு போடற பொட்டில கை போகாதல்ல, கிட்டத்தட்ட அந்த ரோசனைதான். நீங்க செய்யச் சொன்னா இதை மொதல்லயே படம் போட்டுக் காட்டிச் சொல்லிப்போடுங்க, இல்லைன்னா வெறும் ஓட்டை போட்டுக் குடுத்துருவாங்க.

பூட்டு இன்னொரு கூத்து. மேசை டிராயருக்குப் போடற சின்னப் பூட்டத்தான் போட்டிருந்தாரு. சாவிய ஆபீஸ்லயே மறந்துட்டு வந்த ஒரு நாளு, கொத்துல கெடந்த என்ற ஆபீஸ் டிராயர் சாவிய சும்மா விட்டுப் பாத்தேன், தொறந்துருச்சுங்க! அந்த வகைப் பூட்டுல ஒரே சாவி ஏகப்பட்ட பூட்டுக்கு சேரும்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. இப்ப கொண்டி வச்சு தொங்கு பூட்டு போட்டாச்சு, பாக்க மளிகைக்கடை கல்லாப்பொட்டியாட்ட இருக்குது, பரவால்ல.

இப்ப உபயோகத்துக்கு வர்றேன். அளவு 16 இஞ்சு அகலம், 14 இஞ்சு ஆழம், 30 இஞ்சு உசரம், 18 கேஜ் தகடு. துணி, புத்தகம், மருந்து, செருப்பு, பையனோட வாட்டர் பாட்டில், இதெல்லாம் தாராளமா போகுது, ஒரே நாள்ல மூணு வந்தும் நிரம்பல. மிக்சி வந்தப்ப போகல, பொட்டி மேல வச்சுட்டுப் போயிட்டாங்க, அதை யாரு எடுத்து பத்திரமா வச்சிருந்தான்னு சொல்லவும் வேணுமா. பார்சல் பசங்களுக்குப் பழக்கறதுதான் மொத ரெண்டு வாரம் பாடு. ஆப்புல டெலிவரி குறிப்புன்னு ஒரு எடம் இருக்குதல்ல, அதுல எழுதுனா பாதிப்பேரு பாக்கறதே இல்ல. அட்ரசு ரெண்டாவது வரிலயே "பச்சைப் பொட்டியில் போடவும்"னு சேத்துட்டேன், அது ஸ்டிக்கர்லயே அச்சாகி வருது, இப்ப புதுப் பையன் வந்தாலும் கேக்காம போட்டுட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிடறான்.

ஆனா பொட்டி பொட்டிதானுங்க, வாய் பேசாது. வெலை கூடின சாமான்னா ஓடிபி கேப்பாங்க, செல்போன் மாதிரி சாமான பிரிச்சுக் காட்டித்தான் குடுப்போம்னு நிப்பாங்க, காசு குடுத்து வாங்கறதுக்கு ஆள் வேணும், திருப்பி அனுப்பற துணிய எடுத்துக் குடுக்க ஆள் வேணும். ஓடிபி போன்ல சொல்லிரலாம், மத்ததுக்கு ஞாயித்துக்கெழம வர்ற மாதிரி பாத்துக்கறேன். தபால்காரரும் கையெழுத்து வாங்கற தபால பொட்டில போட மாட்டாரு. ரிஜிஸ்டர் தபாலையே 2025 செப்டம்பர் 1ல இருந்து ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்க, ஆனா ஆளு நேர்ல கையெழுத்துப் போட்டு வாங்கோணும்ங்கறது மாறல. பாஸ்போர்ட்டு, பேங்க் கார்டு எல்லாம் வந்தா எப்பவும் போல போஸ்ட் ஆபீஸ் அலைச்சல்தான்.

வெயிலுக்கு இது அடுப்புங்க. மேக்கால பாத்த செவுத்துல மாட்டிட்டோம், பங்குனி வெயில்ல மூணு மணிக்கு கைய வச்சா சுடுது. பையன் பொறந்தநாளுக்கு எங்கக்கா அனுப்புன சாக்லேட்டு கரைஞ்சு டப்பால கொழம்பாட்டம் ஆடுச்சு. நெழல் விழுகற பக்கமா மாட்டுங்க. மழைக்குப் பரவால்ல, மேல சாய்வா கூரை இருக்குது, ஓரத்துல ரப்பர் பீடிங் இருக்குது, ஐப்பசி மழைல அட்டை நனையல. ஆனா செவுத்துல மாட்ட கோட்டிங்குக்கு அப்பறம் துளை போட்டாங்க பாருங்க, அந்த நாலு எடத்துலயும் துரு வந்துருச்சு, துளைய மொதல்லயே போட்டுட்டு அப்பறம் கோட்டிங் அனுப்பச் சொல்லுங்க. அப்பறம் உள்ள ஒரு பல்லி குடி வந்துருச்சு. சைட்டு நோட்டீசு, கேபிள் பில்லு, ரெண்டு கல்யாணப் பத்திரிகை, இதெல்லாம் கூட வந்து விழுகுது.

இன்னொண்ணு, பொட்டி வச்சா மட்டும் பத்தாது. அட்டப்பொட்டிய குப்பைல போடறோமல்ல, அக்கா அதையும் படிக்கும். வர்ற ஸ்டிக்கர்ல பாதிக்கு மேல, சூடு பட்டா கறுக்கற தாளுதான், பஸ் டிக்கெட் மிசின் தாளாட்டம். அயர்ன் பாக்ஸ சித்த நேரம் வச்சு எடுத்தீங்கன்னா பேரு, அட்ரசு, சாமான் எல்லாம் கருப்பாயிரும். கிழிச்சுட்டு உக்காந்திருக்க வேண்டாம்.

இப்படியெல்லாம் ஏற்பாடு பண்ணி, மூணு மாசமா அக்காவுக்கு ஒரு தகவலும் இல்ல. வாசல்ல அவரைக்கா உரிச்சுட்டே பச்சைப் பொட்டியப் பாத்துட்டிருக்கும், எனக்கே ஒரு மாதிரியா இருக்கும். போன மாசம் ஒரு நாள் பொழுதோட வந்து, கேட்டப் புடிச்சுட்டே ரகசியமா கேட்டுச்சு.

"கண்ணு, உங்க ஊட்டு அட்ரசுக்கு ஒண்ணு வரச் சொல்லிருக்கறேன். அந்தப் பச்சைப் பொட்டில போடச் சொல்லிருக்கறேன். வந்தா எடுத்து வை."

"உங்க ஊட்டுலதான் எப்பவும் ஆள் இருக்குதுங்களேக்கா?"

"அதான் கண்ணு தொல்ல. என்ற மருமவ எது வந்தாலும் என்ன ஏதுன்னு நோண்டிட்டே இருக்கறா."

நாலு நாள்ல வந்துச்சு. பொட்டியத் தொறந்து எடுத்தேன், கையளவு பார்சல், கனமே இல்ல. சத்தியமா சொல்றேன், உள்ள கொண்டுபோயி மேசைல வைக்கறதுக்குள்ள ரெண்டு தடவ ஆட்டிப் பாத்துட்டேன், ஒரு சத்தமும் வரல, ஸ்டிக்கர்லயும் சாமான் பேரு இல்ல. ஊட்டுக்காரரு வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்தாரு. இருட்டுனதுக்கப்பறம் அக்கா முந்தானைய விரிச்சுட்டு வந்துச்சு. குடுக்கறப்ப வாய் சும்மா இருக்குதா,

"லேசா இருக்குதேக்கா, துணியா?"ன்னு கேட்டுப்போட்டேன்.

முந்தானைக்குள்ள வச்சு மூடிட்டு, "ஏங்கண்ணு, உனக்கு வேற சோலியே இல்லையா?"ன்னு சொல்லிட்டு அக்கா விறுவிறுன்னு போயிருச்சு.