கேலா, பீட்டாவா? ‘மாக்கிங்ஜே’: வருஷக்கணக்கில் கூட வைத்திருந்த அனுபவம்

கதையின் முடிவு வரை எல்லாவற்றையும் இதில் பேசப்போகிறேன். புத்தகம் வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, படமும் வந்துவிட்டது. என்றாலும் முதல் இரண்டு பாகத்தை முடித்துவிட்டு மூன்றாவதைக் கையில் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், படித்துவிட்டு வாருங்கள்.

சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையில் முதல் நாவல் 2008-இல் வந்தது. 2009-இல் ‘கேட்சிங் ஃபயர்’, 2010-இல் கடைசியாக ‘மாக்கிங்ஜே’. பனெம் என்ற கற்பனை நாட்டில், கேபிட்டல் என்ற தலைநகரம் மாவட்டங்களை அடக்கி வைத்து, வருஷாவருஷம் அங்கிருந்து பிள்ளைகளைப் பிடித்து ஒருவரையொருவர் கொல்ல வைக்கிறது; அதுதான் ஹங்கர் கேம்ஸ் விளையாட்டு. அதில் மாட்டிப் பிழைத்த காட்னிஸ்தான் கதாநாயகி, மூன்றாவதில் புரட்சியின் முகமும் அவள்தான். நான் பாளையங்கோட்டையில் கல்லூரி படித்த காலத்தில் முதல் இரண்டும் ஹாஸ்டலில் அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்றாவது சுற்றி வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் சொந்தக் காசில் வாங்கினேன். எங்களுக்கு அப்போது புரட்சியும் வேண்டாம், பனெம் நாட்டின் தலையெழுத்தும் வேண்டாம். காட்னிஸ் கடைசியில் கேலைக் கட்டுவாளா, பீட்டாவைக் கட்டுவாளா? அது தெரிந்தால் போதும். கேல், காட்டில் கூடவே வேட்டையாடி வளர்ந்தவன். பீட்டா, பசியோடு மழையில் கிடந்த பிள்ளைக்குக் கருகிய ரொட்டியை எறிந்தவன். எங்கள் அறையில் நான் ஒருத்திதான் பீட்டா கட்சி.

அதே பிரதிதான் இன்னமும் என்னிடம் இருக்கிறது. கல்யாணம், வீடு மாற்றம், 2023 டிசம்பர் வெள்ளம் எல்லாம் பார்த்துவிட்டது. அவ்வப்போது எடுத்துப் படிப்பேன், சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன், அவர்களோடு சண்டையும் போடுவேன். படித்த சூட்டோடு எழுதிய விமர்சனங்கள் இந்த நாவலுக்கு ஏராளம். நாள்பட நாள்பட இது எப்படி இருக்கிறது என்று சொல்பவர்கள் குறைவு.

காதல் கதை என்று நம்பி வாங்கியவர்களுக்கு முதல் பாதியில் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. பீட்டா கூடவே இல்லை. கேபிட்டல் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது; டிவியில் மட்டும் வருகிறான், வரவர ஆளே உருக்குலைந்து போகிறான். காட்னிஸ், அவள் அம்மா, தங்கச்சி பிரிம், கேல் எல்லோரும் புரட்சிக்காரர்கள் தரைக்கு அடியில் இருக்கும் 13-ஆம் மாவட்டத்தில். அங்கே தினமும் காலையில் சுவரில் இருக்கும் கருவிக்குள் கையை நீட்ட வேண்டும். அன்றைக்கு எப்போது சாப்பாடு, எப்போது வேலை என்று முன்கையில் ஊதா மையில் அடித்து அனுப்பும். இரவு பத்து மணிக் குளியல் வரை அது அழியாது. சாப்பாடு ஆளுக்கு ஆள் அளந்து. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு துண்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்னிஸுக்கு முன்பு அலங்காரம் செய்துவிட்ட மூன்று பேர் ரொட்டி எடுத்த குற்றத்துக்குச் சங்கிலியில் கிடக்கிறார்கள். ஹாஸ்டலில் படித்தபோது எங்கள் வார்டனை நினைத்துச் சிரித்தோம். இப்போது அந்தப் பக்கம் வந்தால் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. கேபிட்டலின் அதிபர் ஸ்னோவை எதிர்க்கிறவர்களிடமும் சங்கிலி இருக்கிறது என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். காதல் எங்கே, காதல் எங்கே என்று நாங்கள்தான் பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போனோம்.

மூன்று நாவலுக்கும் ஒரே அமைப்பு: 27 அத்தியாயம், ஒன்பது ஒன்பதாக மூன்று பகுதி. அமைப்பு ஒன்றுதானே தவிர, இதில் வேகம் சீராக இல்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ரத வீதி மூலையில் நிற்கிற மாதிரி ஒரே இடத்தில் நின்றுவிடும். கட்டை கொடுத்து நெம்பிக்கொண்டே இருப்பார்கள். திடீரென்று நகர்ந்தால் நாம் விலகுவதற்குள் பாதி வீதி தாண்டிவிடும். கேபிட்டலின் பாதாளச் சாக்கடைக்குள் போகும் அத்தியாயங்களைச் சொல்கிறேன். பொறி, பொறிக்கு மேல் பொறி, பல்லி மாதிரி மிருகங்கள், ஓட்டம். ஃபின்னிக் அங்கே சாகிறான். இரண்டு நாவலாக நாம் பழகிய ஆள், இப்போதுதான் கல்யாணம் முடித்தவன். நின்று அழ ஒரு பத்திகூடக் கிடையாது. போர் அப்படித்தான் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. எப்போது படித்தாலும் அந்த இடம் அவசரமாகத்தான் தெரிகிறது.

இன்னொரு குறை, முக்கியமான சம்பவம் நடக்கும்போதெல்லாம் காட்னிஸ் அங்கே இல்லை, அல்லது மயக்கத்தில் இருக்கிறாள். பீட்டாவை மீட்கப் போனது அவள் இல்லாமல். கேபிட்டல் விழுந்தபோது அவளுக்கு நினைவில்லை. 13-ஆம் மாவட்டத்துத் தலைவி காயினைக் கொன்றதற்காக அவள் மீது நடந்த விசாரணையே அவளை வைத்து நடக்கவில்லை. கதை முழுக்க ‘நான்’ என்று அவளே சொல்வதால் இதற்கெல்லாம் நமக்கும் கதவு சாத்தியாகிவிடுகிறது. இதை ஒரே கட்டாகக் குறை என்று சொல்லவும் முடியவில்லை. மீட்கப் போன இரவில் அவளும் ஃபின்னிக்கும் கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துப் போட்டு அவிழ்த்துக் காத்திருக்கிறார்களே, அந்தக் காத்திருப்புக்கு முன்னால் எந்தச் சண்டைக் காட்சியும் நிற்காது. விசாரணை திரைக்குப் பின்னால் போனதும் சரி, ஏனென்றால் அப்போது அவளுக்கு வாழவே விருப்பமில்லை. கேபிட்டல் விழுந்ததை மட்டும் காட்டியிருக்கலாம். அதற்காகத்தானே மூன்று புத்தகம் நடந்தோம்?

சரி, காதலுக்கு வருகிறேன்.

டைக்ரிஸ் என்ற பெண்ணின் கடைக்கு அடியில் எல்லோரும் ஒளிந்திருக்கும் இரவு. காட்னிஸ் தூங்குகிறாள் என்று நினைத்து கேலும் பீட்டாவும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் பகை இல்லை. களைத்துப்போன மனுஷர்கள் பேசுகிற பேச்சு. யார் இல்லாமல் தன்னால் பிழைக்க முடியாதோ அவனைத்தான் அவள் தேர்ந்தெடுப்பாள் என்கிறான் கேல். காட்னிஸுக்குச் சுருக்கென்று தைக்கிறது, நான் அவ்வளவு கணக்குப் பார்க்கிறவளா என்று. ஹாஸ்டலில் அந்த இடத்தில் கேலைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் முடிவில் அவள் பீட்டாவோடு சேர்கிறாள்; நடப்பது ஏறத்தாழ அவன் சொன்னதுதான். சாப்பாட்டுக்குப் பிழைப்பதை அவன் சொன்னான். மனசு பிழைப்பது அவன் கணக்கில் வரவில்லை.

அதற்கு நிறைய முன்னால், 13-ஆம் மாவட்டத்து ஆயுத அறையில், கேலும் பீட்டியும் (இவர் பீட்டா இல்லை, கருவிகள் செய்கிற பெரியவர்) ஒரு குண்டுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். முதலில் ஒன்று வெடிக்கும். அடிபட்டவர்களைத் தூக்க ஆட்கள் ஓடி வருவார்கள். அப்போது இரண்டாவது வெடிக்கும். இதற்கெல்லாம் ஒரு எல்லை கிடையாதா என்று காட்னிஸ் கேட்டால், ஸ்னோ பின்பற்றும் அதே விதியைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம் என்கிறான் கேல். முதல் வாசிப்பில் இது கண்ணில் பட்டு நகர்ந்துவிடும் பக்கம். முடிவு தெரிந்து மறுபடி படிப்பவர்களால் நகர முடியாது. கேபிட்டலில் குழந்தைகள் மீது குட்டிப் பாராசூட்டுகள் விழுந்து வெடிக்கின்றன, காயம்பட்ட பிள்ளைகளைப் பார்க்க மருத்துவப் பணியாளர்கள் ஓடுகிறார்கள், அந்தக் கூட்டத்தில் பிரிம் இருக்கிறாள், மிச்சமிருந்தவை வெடிக்கின்றன.

சித்தி மகள் பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் இந்தப் பிரதியைத்தான் வாங்கிப் போனாள். ஒருநாள் ராத்திரி போன் பண்ணினாள். “யக்கா, இதுல பக்கம் ஏதும் கிழிஞ்சிருக்கா? பிரிம் அதுக்குள்ள எப்படிச் செத்தா?” கிழியவில்லை என்றேன். “அப்போ மறுபடி படிச்சிட்டு வாரேன்” என்று வைத்துவிட்டாள். யாருக்குக் கொடுத்தாலும் அந்த இடத்தில் இரண்டு பக்கம் பின்னால் திருப்புகிறார்கள்.

அதற்குப் பிறகு கேல் ஒருமுறைதான் வருகிறான். ஸ்னோவைக் கொல்ல அவள் தயாராகும் நேரம், அம்புக்கூட்டில் ஒரே ஒரு அம்பு வைத்து எடுத்து வருகிறான். அது உன் குண்டா என்று கேட்கிறாள். தெரியவில்லை, பீட்டிக்கும் தெரியாது என்கிறான். நீ எப்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாய் என்றும் சொல்கிறான். அவள் மறுக்கவில்லை. அவ்வளவு நாள் முக்கோணக் காதல் என்று பேசிக்கொண்டிருந்தது இந்த ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. கேல் கெட்டவனாகிவிடவில்லை. சண்டையில்லை, அழுகையில்லை, நம்ம ஊர்ப் படமாக இருந்தால் ஒரு பாட்டே வந்திருக்கும். அவன் முகத்தைப் பார்த்தால் தங்கச்சி ஞாபகம் வரும், அதோடு எந்த வீட்டில் எத்தனை வருஷம் குடித்தனம் நடத்துவது? கல்யாணமாகிச் சில வருஷம் ஆன பிறகு படித்துப் பாருங்கள், இந்த நாவலில் ரொம்பவும் நம்பும்படியான காதல் முடிவு இதுதான் என்று தோன்றும்.

பீட்டா பக்கமும் சுலபமில்லை. கேபிட்டல் அவனுக்கு விஷம் ஏற்றி ஞாபகங்களையே மாற்றி அனுப்பியிருக்கிறது. மீட்டு வந்ததும் அவள் கழுத்தை நெரிக்கிறான். பிறகு ஒவ்வொரு ஞாபகமாக எடுத்து, இது நிஜமா நிஜமில்லையா என்று கூட இருப்பவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் தேறுகிறான். கட்டிப்பிடிக்கும் காட்சிகளைவிட இந்தக் கேள்விகள் எனக்கு நெருக்கமாகிவிட்டன. பூனைக் காட்சியையும் விடக் கூடாது. குண்டு விழும்போது பதுங்கு குழியில் பிரிமின் பூனைக்கு டார்ச் வெளிச்சம் காட்டி ஓடவிட்டு விளையாடுகிறாள் காட்னிஸ். கிடைக்காத வெளிச்சத்தின் பின்னால் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்னோ தன்னையும் பீட்டாவை வைத்து இப்படித்தான் ஆட்டுகிறான் என்று விளங்கிவிடுகிறது.

புத்தகத்தின் உடல்நிலை. சாதா பேப்பர்பேக். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் வண்ணார்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. மாடி வீட்டு மைனி கதவைத் தட்டிக் கூப்பிட்டதும் பிள்ளையையும் சான்றிதழ் பையையும் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள்தான். கீழ்த்தட்டில் இருந்தது எதுவும் தப்பவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் ஆற்று வண்டல் பிடித்து இரண்டு மடங்கு தடிமனாகக் கிடந்தது. வெயிலில் போட்டால் தாள் முறுக்கிக்கொள்ளும் என்று நிழலில் வைத்து, கிழிந்த வேட்டித் துண்டுகளைப் பக்கங்களுக்கு நடுவே கொடுத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி வைத்தேன். எழுத்து அழியவில்லை. முதுகுப் பசை விட்டுவிட்டது. கடைசிப் பகுதி மட்டும் தனியாகக் கழன்று வந்தது. டவுனில் பைண்டிங் செய்கிறவர் தைத்துக் கொடுத்தார். இப்போது அகலத் திறந்தால் உள் ஓரத்து எழுத்து தையலுக்குள் போய்விடுகிறது, அந்த ஒரு தொந்தரவுதான். மின்நூலாகவும் வைத்திருக்கிறேன், பஸ்ஸில் வாசிக்க வசதி. ஆனால் அடிக்கடி பின்னால் திருப்பிப் பார்க்க வைக்கிற கதைக்குத் தாள்தான் தோது.

முடிவில் காட்னிஸும் பீட்டாவும், விளையாட்டில் அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஹேமிட்சும் சேர்ந்து ஒரு நினைவுப் புத்தகம் தயார் செய்கிறார்கள். செத்துப்போன ஒவ்வொருவரையும் படத்தோடு, மறக்கக் கூடாத சின்னச் சின்ன விஷயங்களோடு எழுதி வைக்கிறார்கள். அந்தப் பக்கம் வந்தால் எனக்குக் கொக்கிரகுளம் ஞாபகம் வரும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடந்து, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. ஜூலை 23 வந்தால் இப்போதும் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். இங்கே வளர்ந்தவர்களுக்கு பனெம் அவ்வளவு ஒன்றும் கற்பனை ஊர் இல்லை. தன் அப்பா வியட்நாம் போருக்குப் போனவர் என்று காலின்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெற்றிக்குப் பிறகு ஒரு கொண்டாட்டம்கூட இல்லாமல் நாவல் முடிவதற்கு அதிலிருந்து ஒரு காரணம் கிடைக்கிறது.

எங்களுக்குள் அதிகம் சண்டை நடப்பது கதையில் வரும் ஓட்டெடுப்பைப் பற்றி. தோற்ற கேபிட்டல்காரர்களின் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு விளையாட்டு நடத்தலாமா என்று காயின் கேட்கிறாள். காட்னிஸ் சரி என்கிறாள். பிறகு ஸ்னோவுக்கு வைத்த அம்பைக் காயின் மீது விடுகிறாள். நம்பவைக்கத்தான் சரி என்றாள் என்பது சித்தி மகளின் கட்சி. அந்த நிமிஷத்தில் கொஞ்சமாவது நிஜமாகவே சொல்லியிருப்பாள் என்பது என் கட்சி. தங்கச்சியைப் பறிகொடுத்தவள் அவள்.

படத்தை 2014, 2015 என்று இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்திருக்க வேண்டாம், முதல் பாதி இழுவை. காட்னிஸ் பாடும் தூக்குமரப் பாட்டைப் பாடிக்கொண்டு ஜனங்கள் அணைக்கட்டைத் தகர்க்கப் போகும் காட்சி புத்தகத்தில் கிடையாது. படம் தந்த நல்ல விஷயம் அது ஒன்றுதான்.

தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். நிகழ்காலத்தில் நடக்கும் சின்னச் சின்ன வாக்கியங்கள், அகராதி அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் மூன்றாவதை மட்டும் தனியாக வாங்கிக் கொடுக்காதீர்கள், ஒன்றும் விளங்காது. பதின்மூன்று வயசுக்குக் கீழே என்றால் நான் கொடுக்க மாட்டேன், சாவு ரொம்ப அதிகம். முன்கதைகளாக 2020-இல் ஒன்றும் 2025-இல் ஒன்றும் வந்திருக்கின்றன. இரண்டையும் ‘மாக்கிங்ஜே’ முடித்த பிறகு எடுங்கள். 2025-இல் வந்தது ஹேமிட்ச் இளைஞனாக இருந்த கதை. அதை முதலில் படித்துவிட்டால், காட்னிஸ் ஓட்டுப் போட்டதும் இவரும் ஏன் மறுபேச்சில்லாமல் அவள் பக்கம் போனார் என்ற கேள்வியே எழாமல் போய்விடும். அந்தக் கேள்வியோடு கொஞ்ச நாள் இருப்பது நல்லாயிருக்கும்.