கோத்தகிரி பேர்டிங் ஸ்டே: "முடியாது"ன்னு சொன்ன கைடுக்காக 4 ஸ்டார்

முதல்லயே ஸ்டாரை சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. அந்த ஒண்ணு ஏன் போச்சுன்னு கீழ வரும். இடத்தோட பேர் போடல, ரூமே மூணுதான், ஓனரும் "பேரெல்லாம் போட வேண்டாங்க, தெரிஞ்சவங்க வந்தா போதும்"னு சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்குடா ரிவ்யூன்னு கேப்பீங்க. கோத்தகிரி, குன்னூர், ஊட்டின்னு எங்க பாத்தாலும் இப்ப "பேர்டிங் பேக்கேஜ்"னு, அதாவது பறவை பாக்கக் கூட்டிட்டுப் போறோம்னு, போர்டு தொங்குது, அதுல எதை நம்பி காசு கட்டறதுன்னு தெரியாம முழிக்கறவங்களுக்காக எழுதறேன். என்னைக் கேட்டா ரூம், சாப்பாடு எல்லாம் அப்புறம், கைடு எதெதுக்கு மாட்டேன்னு சொல்றாருங்கறதைத்தான் முதல்ல பாக்கணும்.

நானும் என் சித்தப்பா பையனும் தை மாசக் குளிர்ல போனோம். அவன் போட்டோகிராஃபர், அதாவது கை நீளத்துக்கு லென்ஸ் வச்சிருக்கான், லோன் இன்னும் முடியல. நான் வெறும் பைனாகுலர் ஆளு. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ரோடு ஏறி, டவுன் தாண்டி தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சரிவுல இருக்கு வீடு. கடைசி அரை கிலோமீட்டர் ரோடுன்னு சொல்ல முடியாது, சின்ன கார்ன்னா மேலயே விட்டுட்டு நடந்துடுங்க.

ரூம் சுத்தமா இருக்கு, கம்பளி ரெண்டு குடுக்கறாங்க, ஹீட்டர் கிடையாது. இதுக்கு மேல ரூமைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா ஜன்னலைப் பத்தி சொல்லணும். பெரிய கண்ணாடி ஜன்னல், அதுக்கு வெளிப்பக்கமா மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு விரக்கடை இடைவெளி விட்டு மெல்லிசு கயிறா தொங்க விட்டிருக்காங்க. முன்னாடி வந்த யாரோ கெஸ்ட் புக்குல "வியூ மறைக்குது, செல்ஃபி எடுக்க முடியல"ன்னு எழுதி வச்சிருக்காங்க. அது எதுக்குன்னா, கண்ணாடியில மரமும் வானமும் தெரியறதைப் பாத்து பறவை நேரா வந்து மோதி செத்துப் போகும், அதைத் தடுக்கத்தான். உள்பக்கம் ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டறதெல்லாம் சும்மா, அதைச் சுத்தி காலியா இருக்கற கண்ணாடியில பறவை வந்து மோதிரும். வெளிப்பக்கம், நெருக்கமா, முழுசா இருந்தாத்தான் வேலைக்கு ஆகும். ராத்திரி பத்து மணிக்கு மேல வெளி லைட்டும் கிடையாது. காசு செலவில்லாத விஷயம், ஆனா மலையில புதுசு புதுசா கட்டற கண்ணாடி வில்லா எதுலயும் நான் இதைப் பாத்ததில்ல.

இப்ப கைடு. உள்ளூர்க்காரர், படுகர், அம்பது வயசுக்கு மேல இருக்கும், தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்துட்டு இருந்தவர். முதல் "முடியாது" ராத்திரி சாப்பாட்டு நேரத்துலயே வந்துருச்சு. தம்பி "காலைல அஞ்சு மணிக்கே கிளம்பிரலாம்ணா, லைட் நல்லா இருக்கும்"னான். அவரு, "அதெல்லாம் வேண்டாங்க தம்பி, விடியட்டும், கரடி திரும்பி காட்டுக்குள்ள போற நேரம் அது"ன்னாரு. கோத்தகிரி தெரிஞ்சவங்களுக்கு இது புரியும், தேயிலைக்குள்ள கரடி நடமாட்டம் அங்க சர்வ சாதாரணம், காட்டுமாடு அதுக்கு மேல, காலைல டீ குடிக்க வெளிய வந்தா வாசல்லயே நிக்குது. "லேட்டா கூட்டிட்டுப் போறாங்க"ன்னு இந்த இடத்துக்கு குறை சொல்லி இருந்தவங்களுக்கு இதுதான் பதில்.

ஒரு சின்ன விஷயம், பைனாகுலர் வாங்கப் போறவங்களுக்கு. சோலைக்குள்ள, அதாவது மலை மேல இருக்கற அடர்ந்த காட்டுக்குள்ள, பகல்லயே இருட்டு, அதனால 8x42 எடுங்க, எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் கண்ணாடி, வெளிச்சம் உள்ள நல்லா வரும், கையும் ஆடாது. 10x25ன்னு பாக்கெட் சைஸ் ஒண்ணு விக்கறாங்க பாருங்க, சோலைக்குள்ள அதுல பாத்தா எல்லாப் பறவையும் ஒரே கருப்புதான். இவங்க கிட்ட வாடகைக்கு 8x42 இருக்கு, லென்ஸ் கீறல் இல்லாம வச்சிருக்காங்க, அதுக்கு தனி சபாஷ்.

சரி, காலைல ஏழு மணி வாக்குல கிளம்பினோம். சோலை ஓரமா நடக்கும்போதே நீலகிரி சிரிப்பான்ங்கற பறவைக் கூட்டம் ஆரம்பிச்சிருச்சு, ஒண்ணு கெக்கலிச்சா பின்னாடியே நாலு கெக்கலிக்கும், காது கிழியுது, ஆனா ஆளு மட்டும் புதர் விட்டு வெளிய வர மாட்டேங்குது. தம்பிக்கு பொறுக்கல. ஃபோனை எடுத்து மெர்லின்ங்கற பறவை ஆப்ல அதோட குரலைத் தேடிட்டான், ப்ளே பண்ணப் போறான், கைடு அண்ணன் அவன் கைமேல கை வச்சு "தம்பி, அது வேண்டாம்"னாரு. இவன் "ஒரே ஒரு தடவைண்ணா, அது தானா வந்து கொப்புல உக்காரும்"னான். "வரும் தம்பி, தெரியும், அதனாலதான் வேண்டாங்கறேன்"னாரு.

அந்த பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ப்ளேபேக், அதாவது ரெக்கார்ட் பண்ண குரலைப் போட்டு பறவையை வரவழைக்கறது, வேலை செய்யும், அதுல சந்தேகமே இல்ல. அந்தப் பறவைக்கு அது பாட்டு இல்ல, தன்னோட இடத்தைப் புடிக்க வேற ஒருத்தன் வந்துட்டான்னு அர்த்தம். நடுராத்திரி நம்ம வாசல்ல ஒருத்தன் நின்னு "இது என் வீடு, வெளிய வாடா"ன்னு கத்தினா நாம எப்படி பதறி ஓடி வருவோமோ அப்படித்தான் அதுவும் வருது. இரை தேடற நேரம் வீணாப் போகுது, கூட்டுல முட்டையோ குஞ்சோ இருந்தா அதுங்க அம்போன்னு கிடக்குது, எதிரியே இல்லாத இடத்துல சண்டைக்கு நின்னுட்டுப் போகுது. நாம ஒரு தடவைன்னு நினைக்கறோம், ஆனா ரோட்டோரத்துல சுலபமா போகக்கூடிய ஒரு சோலைக்கு சீசன்ல வாரக்கடைசி பூரா ஆள் மாத்தி ஆள் வராங்க, ஆளுக்கு ஒரு தடவைன்னா அந்த ஒரு ஜோடிக்கு என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ரெக்கார்டிங் போட்டே ஆகணும்னு சொல்ற ஆராய்ச்சிக்காரங்க இருக்காங்க, அவங்களுக்கு அனுமதி, முறை எல்லாம் வேற. நமக்கு இன்ஸ்டாவுக்கு ஒரு போட்டோ, அவ்வளவுதானே.

தம்பி ஒரு மணி நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு வந்தான். அப்புறம் ஒரு வளைவுல தவிட்டுப் பழப் புதர் இருக்கற இடமா பாத்து அண்ணன் எங்களை உக்கார வச்சாரு, பேசாம இருங்கன்னாரு. சிரிப்பான் கூட்டம் அதுபாட்டுக்கு புதர்லயே மேஞ்சுட்டு கிட்டத்துலயே வந்துச்சு, செம்பழுப்பு வயிறு, வெள்ளைப் புருவம், எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. இந்த பறவை நீலகிரியை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. பழனி மலைக்குப் போனா அங்க இருக்கறது வேற இனம், பழனி சிரிப்பான்.

சோலைக்கிளியும் பாத்தோம், பேர்லதான் கிளி, கிளி இனம் இல்ல, சின்னப் பறவை, நீலகிரி சோலைக்கிளி, கருநீலத்துல கீழ துருப்பிடிச்ச நிறம், ஈரப் பாதையில குதிச்சு வந்து ஒரு பூச்சியை எடுத்துட்டு உள்ள ஓடிருச்சு. தம்பி ஃபோகஸ் பண்றதுக்குள்ள போயிருச்சு, எனக்கு கிடைச்சது. (பைனாகுலர் ஆளுங்களுக்கு இந்த ஒரு சந்தோஷமாவது இருக்கட்டும்.) அண்ணன் அதுக்கு சொன்ன கதை நல்லா இருந்துச்சு. இந்த சோலைக்கிளிங்க குளிர்ந்த மேட்டுச் சோலையை விட்டு கீழ சூட்டுக்கு இறங்காது, பக்கத்து மலைக்குப் பறந்து போகாது. அதனால மலைத்தொடரை நடுவுல வெட்டற பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க இருக்கறது ஒரு இனம், தெக்க பழனி, ஆனைமலைப் பக்கம் இருக்கறது வெள்ளை வயித்தோட வேற இனம். மரபணு எல்லாம் பாத்து 2017ல இதுங்களுக்கு தனிப் பேரினமே குடுத்தாங்க, அதுவரைக்கும் விஞ்ஞானிங்க இதை ஒருதரம் ஒரு பேரினத்துலயும் இன்னொரு தரம் வேற பேரினத்துலயும் தூக்கித் தூக்கி போட்டுட்டு இருந்தாங்க. இப்ப நடுவுல ஒரு சோலையை வெட்டி தேயிலை வச்சா, இல்ல ரிசார்ட் வச்சா, அந்தப் பறவைக்கு அடுத்த சோலை ரெண்டு மேடு தள்ளி இருந்தாலும் அது வேற ஊருதான்.

மதியத்துக்கு மேல லாங்வுட் சோலைக்குப் போனோம். கோத்தகிரி டவுனை ஒட்டியே இருக்கு, 116 ஹெக்டேர், 2024 ஜனவரியில ராம்சர் இடமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா, அறிவிச்சாங்க. காட்டுக்கு எதுக்கு ஈரநிலப் பட்டம்னு நினைப்பீங்க, கீழ இருக்கற ஊருங்களுக்குத் தண்ணி அங்க இருந்துதான் ஊறி வருது, அந்த ஈரம்தான் காரணம். உள்ளூர் மக்களே குழு வச்சு பல வருஷமா காவல் காத்து காப்பாத்தின சோலை. வனத்துறை அனுமதி இல்லாம உள்ள போக முடியாது, அனுமதியை ஸ்டேலயே முன்கூட்டி எடுத்து வச்சிருந்தாங்க, அதுக்கு ஒரு பாராட்டு. வாசல்கிட்டயே ஒரு காஷ்மீர் ஃப்ளைகேட்சர் ஆண், காஷ்மீர்ப் பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு குளிருக்கு நம்ம நீலகிரிக்கும் இலங்கை மலைக்கும் வர்ற ஆளு, மார்ல ஆரஞ்சுக்கு ரெண்டு பக்கமும் கருப்பு பார்டர் போட்டுட்டு வாலை ஆட்டிட்டு உக்காந்திருந்துச்சு. தம்பிக்கு இங்கதான் அன்னைக்கு சிறந்த போட்டோ, ப்ளேபேக் இல்லாம.

திரும்பி வரும்போது ரோட்டுல வேற ஒரு க்ரூப். அவங்க கைடு ஒரு கட்டையில புழு வச்சு, எதிர்ல மறைஞ்சு உக்காந்து படம் எடுக்கறதுக்கு துணி கட்டி ஹைடு போட்டு, ப்ளூடூத் ஸ்பீக்கர்ல குரல் போட்டுட்டு இருந்தாரு, எட்டுப் பேர் வரிசையா ட்ரைபாட். எங்க அண்ணன் அவங்ககூட சண்டைக்கெல்லாம் போகல, நின்னு "சார், புழுவை மட்டுமாவது எடுத்துருங்க, நாய் வரும், பூனை வரும், பறவை அந்த இடத்துக்குப் பழகிட்டா அதுக்குத்தான் கஷ்டம்"னு படுக பாஷையில கொஞ்சம், தமிழ்ல கொஞ்சம் சொல்லிட்டு நடந்துட்டாரு. அவங்க எடுக்கல. வண்டில வரும்போது அவருக்கு கொஞ்சம் கோவம் இருந்துச்சு. "அவங்களுக்கு புக்கிங் அதிகம் சார், என்ன பண்றது"ன்னாரு. இது ரொம்ப நியாயமான வருத்தம். கெஸ்டுக்கு பறவையைக் காட்டலைன்னா ஒரு ஸ்டார் குறையுது, தொந்தரவு பண்ணி காட்டினா அஞ்சு ஸ்டார் விழுது. அப்ப தப்பு யார் மேல, ரிவ்யூ எழுதற நம்ம மேலயும் தானே.

கூடு விஷயத்துலயும் அவரு கறார். மார்ச்சுல இருந்து மே வரைக்கும் பல பறவைக்கு இனப்பெருக்கக் காலம், அதே நேரத்துலதான் கோடை சீசன் கூட்டமும் மலை ஏறுது. அந்த மாசங்கள்ல சில பாதைகளுக்கு அவரு கெஸ்டைக் கூட்டிட்டே போறதில்ல, எங்க கூடு இருக்குன்னு ஓனருக்குக் கூட சொல்றதில்லயாம். நாங்க ஈபேர்ட்ல (பாத்த பறவைகளைப் பதிவு பண்ற தளம்) லிஸ்ட் போடும்போதும், ஆந்தை இருந்த மரத்தோட இடத்தைக் குறிப்பில எழுத வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. ஈபேர்டே சில பறவைகளோட சரியான இடத்தை மறைச்சுத்தான் காட்டுது, ஆனா நாம போட்டோ போட்டு அடியில லொகேஷன் டேக் போட்டா எல்லாம் வீண். லிஸ்ட் போடறதை மட்டும் நிறுத்தாதீங்க, 2023ல வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை 942 இனங்களை அலசினது நம்மள மாதிரி ஆளுங்க போட்ட லிஸ்ட்டை வச்சுத்தான், அதுல 178 இனத்துக்கு உடனடி கவனம் தேவைன்னு வந்துச்சு.

இப்ப அந்த ஒரு ஸ்டார். புக்கிங் பேஜ்ல முகப்புப் படமா பெரிய இருவாச்சி பறக்குது. அது கோத்தகிரி மேட்டுல எங்க இருக்கு? அண்ணன்கிட்ட கேட்டா சிரிக்கறாரு, "அதுக்கு வால்பாறை போகணும் சார், இந்த படத்தை யாரு போட்டாங்களோ". அதே மாதிரி நீலகிரி பிபிட்ங்கற சின்னப் பறவையும் அந்த பேஜ்ல இருக்கற லிஸ்ட்ல இருக்கு, அதைப் பாக்க இன்னும் உயரத்துல இருக்கற புல்வெளிக்குப் போகணும், இங்க கிடைக்காதுன்னு அவரே முதல் நாள் சொல்லிட்டாரு. கைடு இவ்வளவு நேர்மையா இருக்கும்போது விளம்பரம் இப்படி இருக்கறது நல்லா இல்ல. ஓனர்கிட்ட சொன்னேன், மாத்தறேன்னாரு, இத எழுதற வரைக்கும் மாத்தல. சுடுதண்ணி காலைல ஒரு பக்கெட்டோட சரி, ரெண்டாவது ஆளு காத்துக்கிட்டு இருக்கணும்.

ரேட்டு, ரெண்டு பேருக்கு ரூம், மூணு வேளை சாப்பாடு, கைடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு பத்தாயிரத்துக்கு கொஞ்சம் உள்ள. கைடுக்கு அதுல எவ்வளவு போகுதுன்னு கேட்டேன், பாதிக்கு கிட்டன்னாங்க, அதனால எனக்கு அதிகமாத் தெரியல. இதே காசுக்கு டவுன்ல டிவி, ஹீட்டரோட ரூம் கிடைக்கும், அது வேணும்னா அங்க போங்க.

போறவங்க இ-பாஸ் எடுத்துட்டுப் போங்க, செக்போஸ்ட்ல கேக்கறாங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் நீலகிரியில தடை, சொந்த பாட்டில் வேணும். பளிச்சுன்னு வெள்ளை, சிவப்பு சட்டை வேண்டாம். மழைக்காலம்னா அட்டைக்கு உப்பு, நீள சாக்ஸ். சாப்பாட்டுல அவரைக்கொட்டைக் குழம்பு பிரமாதம், படுகர் பலகாரமான எண்ணெ ஹிட்டு வேணும்னா முந்தின நாளே சொல்லி வைக்கணும், நாங்க காலைல கேட்டு கிடைக்கல.