நத்தை மருந்து வாங்கப்போன கடை, பண்டாரவளை

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து உரக்கடைக்கு போன கிழமை போனேன், எங்க கோவா, சலாது பாத்தி பூரா ஆப்பிரிக்க நத்தை, விடிஞ்சு பாத்தா இலையில நரம்பு மட்டுந்தான் மிச்சம். கடை அண்ணே மருந்த எடுக்க முன்னமே "கையாலயா பொறுக்குறீங்க தங்கச்சி"ன்னு கேட்டாரு, ஆமான்னதும் மொதல்ல ஒரு சோடி கையுறைய எடுத்து வச்சாரு. எலியோட நுரையீரல் ரத்தக்குழாய்ல ஒரு புழு இருக்காம், 1935ல சீனாவுல எலியில கண்டுபிடிச்சது, அதோட குஞ்சுப்புழு எலிப்புழுக்கையில வெளிய வரும், அத நத்தை தின்னும், அந்த நத்தையோ அதுல ஒரு துண்டோ பச்சை இலையோட நம்ம வயித்துக்குள்ள போனா புழு மூளைக்கு ஏறி மூளைக்காய்ச்சல் வரும்னாரு. நத்தை வந்தேறி, அதுவும் எலியும் ஒரே பாத்தியில சேந்ததுதான் பயமே, நான் இவ்வளவு நாளா பயிர் நட்டத்த மட்டுந்தான் நெனச்சேன்! எலிப்பொறியும் வாங்குங்கன்னு அவர் சொன்னது சரியான பேச்சு.

மருந்து நல்லா வேல செய்யுது. ஆனா பாக்கெட்டுல தமிழ்ல ஒரு வரி இல்ல, நாய் தின்னா செத்துரும்னு அவர் வாயால சொன்னதுதான். 5க்கு 4. சலாத இப்ப ஒவ்வொரு இலையா பிரிச்சு கழுவுறேன், புள்ளைங்களுக்கு வேகவச்சுத்தான் குடுக்குறேன்.