சமய பாட மணி அடித்தால் பிள்ளை எங்கே போவது?

மட்டக்களப்பு நகரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் சமய பாட மணி அடித்தால் வகுப்பு மூன்றாகப் பிரியும். சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்போம். கத்தோலிக்கப் பிள்ளைகள் நூலகத்துக்குப் போவார்கள். வகுப்பிலிருந்த ஒரேயொரு முஸ்லிம் பையன் விறாந்தை வாங்கில் இஸ்லாம் புத்தகத்தை மடியில் விரித்துத் தனியாகப் படிப்பான். அடுத்த மணிக்குக் கணக்குப் பாடம், எல்லோரும் மறுபடி ஒன்று. மதச்சார்பின்மை என்று யார் பேசினாலும் எனக்கு அந்த வாங்குதான் நினைவுக்கு வரும்.

பிரான்ஸ் அந்த மணியையே அடிக்காது. 1905 ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, சம்பளமோ மானியமோ கொடுக்காது. 2004 இல் அரசுப் பள்ளிகளில் முக்காடு, பெரிய சிலுவை போன்ற அடையாளங்களையும் தடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே விதிதான். ஆனால் சின்னச் சிலுவையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம். முக்காட்டை எங்கே ஒளிப்பது? முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்புக்குப் படிக்க வரும் பிள்ளைக்கு இந்த விதியைப் போட்டால் அவள் வீட்டோடு நின்றுவிடுவாள். இத்தனைக்கும் 1905 இல் ஜெர்மனியிடம் இருந்து, பிறகு பிரான்ஸுக்குத் திரும்பிய அல்சாஸ் பகுதியில் இன்றும் பாதிரியாருக்கு அரசுதான் சம்பளம் கொடுக்கிறது.

இந்தியாவின் வழி வேறு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அதன் அரசியலமைப்பின் 28 ஆம் பிரிவு. அதற்காக அரசு மதத்தை விட்டு ஒதுங்கவும் இல்லை. இந்துக் கோயில்களை எல்லாச் சாதியினருக்கும் திறந்துவிட 25 ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் இலங்கையின் 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது வைக்கவில்லை. அதை மாற்றச் சொல்லி முஸ்லிம் பெண்களே பல வருடமாகக் கேட்கிறார்கள். 'அது உங்கள் மத விஷயம்' என்று அரசு கைகழுவினால் அந்தச் சிறுமிக்கு யார் இருக்கிறார்கள்?

சரி, நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திரம் கிடைத்தபோது இருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29(2) ஆம் பிரிவு எந்தச் சமூகத்துக்கும் மதத்துக்கும் சலுகையோ பாதகமோ தரும் சட்டம் இயற்றக்கூடாது என்றது. 1972 இல் அது போய், பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் வந்தது. 1978 யாப்பின் 9 ஆம் உறுப்புரையும் அதைத்தான் சொல்கிறது. மற்ற மதங்களின் உரிமைகளை 10, 14 ஆம் உறுப்புரைகள் காப்பதாக அதிலேயே எழுதியிருக்கிறது. எங்களுக்கும் சமய பாடம் உண்டு, தீபாவளிக்கும் ஹஜ்ஜுக்கும் லீவு உண்டு. ஆனாலும் உரிமை இருப்பது ஒன்று, வரிசையில் பின்னால் நிற்கச் சொல்வது வேறொன்று. அம்பாறை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எவருமே பாதியைத் தாண்டவில்லை. அங்கே யாருக்கு யார் முன்னால்?

என் தெரிவு பழைய 29(2). கூடவே, மதத்துக்குள் நசுங்குபவருக்கு இந்தியா நீட்டும் கை. 29(2) நம்மைக் காப்பாற்றியதா என்று கேட்பீர்கள். இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியபோதும், 1953 இல், அப்போது நம் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அதில் பாரபட்சம் இல்லை என்றே தீர்த்தது. இப்போதைய யாப்பின் 80(3) இன்னும் மோசம்: சபாநாயகர் கையொப்பமிட்ட சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. அந்த 80(3) ஐ நீக்காமல் 29(2) ஐ மட்டும் திரும்பக் கொண்டுவந்தால், பிழையான சட்டம் ஒன்று வந்த பிறகு அந்த விறாந்தைப் பையன் வழக்குப் போடக்கூட வழி இருக்காது.