டியூஷனுக்கு வாங்கிய செரிமான மண்டல மாடல்: கணையம் அருமை, சிறுகுடல் ஏமாற்றம்

மாலையில் வீட்டில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். செரிமானப் பாடத்துக்கு இதுவரை சார்ட்தான். போன மாதம் ஆன்லைனில் இந்த பிளாஸ்டிக் மாடலை 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு முழ உயரம் இருக்கும், கல்லீரலும் இரைப்பையும் தனியே கழன்று வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சார்ட்டில் எல்லாம் தட்டையாகக் கிடப்பதால் கணையம் எங்கே என்று கேட்டால் பிள்ளைகள் இரைப்பைக்குக் கீழே என்பார்கள். இதில் இரைப்பையைக் கழற்றினால்தான் அதன் பின்னால் இருக்கும் கணையமே கண்ணில் படும். கல்லீரலைத் தூக்கினால் அடியில் பச்சைப் பித்தப்பை, அதிலிருந்து இறங்கும் குழாய், அது கணையக் குழாயோடு சேர்ந்து முன்சிறுகுடலில் திறக்கிற இடம் வரைக்கும் விரலால் தடவிப் பார்க்கலாம். இந்த ஓரிடத்துக்காகவே காசு கொடுக்கலாம். ஏனென்றால் பிள்ளைகள் குழம்புவதே இங்கேதான். இரைப்பையில் அமிலத்தோடு கூழாகி வரும் சாப்பாடு அப்படியே இறங்கினால் குடல் புண்ணாகும், அங்கிருக்கும் நொதிகளும் வேலை செய்யாது. அதனால் கணையநீரின் பைகார்பனேட் அந்த அமிலத்தைத் தணிக்கிறது, பித்தநீர் எண்ணெய், நெய்யைப் பொடித் துளிகளாக உடைத்துக் கொடுக்கிறது. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பித்தப்பை அதைச் சேர்த்து வைப்பதோடு சரி. இதைச் சொன்னதும் ஒரு பையன், "எங்க அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்துட்டாங்களே மிஸ், அப்போ எப்படிச் செரிக்கும்?" என்று கேட்டான். கல்லீரலிலிருந்து பித்தநீர் நேராகவே குடலுக்கு இறங்கிவிடும்டா என்று குழாயில் விரல் வைத்துக் காட்டினேன். முகம் தெளிந்துவிட்டது.

குறை சிறுகுடலில். மொத்தத்தையும் ஒரே கட்டியாக வார்த்து நடுவில் ஒட்டியிருக்கிறார்கள். பெரியவர்களுக்குச் சிறுகுடல் சுமார் 6 மீட்டர், பெருங்குடல் ஒன்றரை மீட்டர்தான், ஆனால் இந்த மாடலைப் பார்க்கிற பிள்ளை பெருங்குடல்தான் நீளம் என்று எழுதிவிட்டு வரும். நான் 6 மீட்டர் கொடிக்கயிறு வாங்கிக் கூடத்திலிருந்து வாசல் வரை பிடிக்கச் சொன்னேன், அப்புறம்தான் நம்பினார்கள். சிறுகுடலின் உட்சுவரில் சின்னச் சின்ன விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளைக் காட்ட ஒரு வெட்டுத் துண்டாவது வைத்திருக்கலாம், அதுவும் இல்லை. அதற்கு ஒரு சாதாரணத் துண்டையும் தேங்காய்ப்பூத் துண்டையும் தண்ணீரில் நனைத்துப் பிழிய வைத்தேன். எது அதிகம் உறிஞ்சுகிறது, ஏன் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

பேக்கிங் மோசம். குடல்வால் ஒடிந்தே வந்தது, விற்றவருக்குப் படம் அனுப்பிப் பத்து நாளாகியும் பதில் இல்லை. ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

வீட்டில் ஒரே பிள்ளைக்கு என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை. பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், பார்சலைப் பிரிக்கும்போது மட்டும் வீடியோ எடுத்து வையுங்கள்.