சிறுநீர்ப்பையில் பாலிப்: ஸ்கேனா, சிடியா, டியூப் விட்டுப் பார்ப்பதா?

வலியே இல்லாமல் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், மறுநாள் தானாகத் தெளிந்துவிடும். நம்ம தருமபுரிப் பக்கம் உடனே சூடு என்று இளநீர் வெட்டுவார்கள், இல்லையென்றால் கல் என்பார்கள், அதுவும் இல்லையென்றால் போர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு மேல் பழி. ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், சரி, இதற்குள் அதை இழுக்க வேண்டாம். சிறுநீர்ப்பையின் உள்சுவரில் பாலிப் எனும் சதை வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

முதலில் அல்ட்ராசவுண்ட். செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை, அரூரிலோ பாலக்கோட்டிலோ முடித்துவிடலாம். ஆனால் பை முட்ட நிரம்பியிருக்கணும். அவசரப்பட்டுப் பாதிப் பையோடு படுத்தால் சுவரின் மடிப்பே கட்டி மாதிரி தெரியும். உறைந்த ரத்தமும் அப்படித்தான் ஏமாற்றும், அதனால்தான் நல்ல டாக்டர் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்: இடம் மாறினால் ரத்தக்கட்டி, ஒட்டிக்கொண்டே இருந்தால் வளர்ச்சி. சில மில்லிமீட்டர் அளவில் இருப்பது இதில் தப்பிவிடும்.

காசு அதிகம் என்பதாலேயே சிடி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. கிட்னி, அதிலிருந்து பைக்கு வரும் சிறுநீர்க்குழாய் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதுதான் சரி, ஆனால் படம் தெளிவாக விழ மருந்து ஏற்றும் முன் கிட்னி எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கணும், சுவரோடு தட்டையாகப் படர்ந்திருப்பதை அதுவும் விட்டுவிடலாம். சிறுநீரில் செல் பார்க்கும் சைட்டாலஜி வீரியமான புற்றுநோயைப் பிடிக்கும், சாதாரண பாலிப்புக்குப் பெரிதாக உதவாது.

என் ஓட்டு சிஸ்டோஸ்கோபிக்குத்தான், அதாவது சிறுநீர் போகும் வழியாகக் கேமரா டியூப் விட்டுப் பையைப் பார்ப்பதற்கு. பேரைக் கேட்டாலே பாதிப் பேர், குறிப்பாக ஆண்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நழுவுகிறார்கள். வளையும் வகை டியூப் என்றால் மரத்துப்போக ஜெல்லி வைத்து, சில நிமிடங்களில் முடிந்துவிடும். நீர் விட்டுப் பையை விரித்ததும் திரையில் வெளிர் ரோஜா நிறச் சுவர், மெல்லிய ரத்தநாளங்கள், அதில் பாலிப் இருந்தால் குளத்துப் பாசி மாதிரி தண்ணீரில் ஆடும். அப்புறம் ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும். குளிர்க்காய்ச்சல் வந்தால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆனால் கண்ணால் பார்த்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பாப்பிலோமா, நார்த்திசு பாலிப், நாள்பட கத்தீட்டர் (சிறுநீர் வடியும் டியூப்) வைத்தவர்களுக்கு வரும் அழற்சி வீக்கம் எல்லாமே ஆபத்தில்லாதவை, இருந்தாலும் ஆரம்பகட்டப் புற்றுநோயும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் இருக்கும். பெரியவர்களுக்குப் பையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் வகைதான், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் கவனம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பாலிப் என்று போட்டிருக்கிறதே என்று ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருப்பதை மட்டும் செய்யாதீர்கள். முதுகில் ஊசி போட்டு, டியூப் வழியாகவே சதையை முழுசாகச் சுரண்டி பயாப்ஸிக்கு அனுப்பினால் சிகிச்சையும் பரிசோதனையும் ஒன்றாக முடியும்.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும், எடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். சேலமோ பெங்களூரோ போய் இன்னொரு டாக்டரிடம் கேட்பதானால் அவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.