கீக்ரான் கே3 ப்ரோ: ஊர் மாறும் புரோகிராமருக்கான கீபோர்டு

பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ கிடைக்கும் லேப்டாப்பில் பெரும்பாலும் யு.எஸ். கீபோர்டுதான் இருக்கும். லண்டன் போனால் @ குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறிக் கிடக்கும். பெர்லினில் இன்னும் மோசம்: ஒய்யும் இசட்டும் இடம் மாறிவிடும். { போட ஆல்ட்-ஜிஆரோடு (ஸ்பேஸுக்கு வலப்பக்க ஆல்ட்) 7, } போட 0, சதுர அடைப்புக்கு 8, 9. பேக்டிக்கை (`) ஷிஃப்டோடு அழுத்தி ஸ்பேஸும் தட்டினால்தான் விழும். கை பழகுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

கூடவே எடுத்துப்போக ஒன்று வேண்டுமென்றால் கே3 ப்ரோவைத் தயங்காமல் சொல்லலாம். 84 கீ, எஃப் வரிசையும் அம்புக்குறிகளும் உண்டு, நம்பர் பேட் மட்டும் இல்லை. உயரம் குறைவு, லேப்டாப் பையிலேயே அடங்கும். பேட்டரி 1550 எம்.ஏ.எச்., ஏறத்தாழ 6 வாட்-அவர்; விமான வரம்பான 100-க்கு எவ்வளவோ கீழே. பையில் வைக்கும்முன் இணைப்பு ஸ்விட்சை ஆஃபில் தள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்ளே கீ அழுந்தி அழுந்தியே சார்ஜ் தீரும்.

பெர்லினில் வாங்கினாலும் ஆன்சி (அமெரிக்க கீ அமைப்பு) வகையையே வாங்குங்கள். ஐஎஸ்ஓ (ஐரோப்பிய கீ அமைப்பு) வகையில் இடது ஷிஃப்ட் குட்டை, என்டர் தள்ளிப்போகும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: எந்தக் கீ அழுந்தியது என்பதை மட்டுமே கீபோர்டு சொல்லும், எழுத்தைத் தீர்மானிப்பது கணினி. அலுவலக லேப்டாப் ஜெர்மன் லேயவுட்டில் இருந்தால், ஆன்சி கீபோர்டிலும் ஒய் தட்டினால் இசட்தான் வரும். விண்டோஸில் யு.எஸ். லேயவுட்டைச் சேர்த்து, விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டி மாற்றிக்கொள்ளுங்கள். ஜெர்மன் எழுத்துகளும் வேண்டுமென்று யு.எஸ். இண்டர்நேஷனலுக்குப் போனால் மேற்கோள் குறி அடுத்த எழுத்துக்காகக் காத்து நிற்கும். கோட் எழுத எரிச்சல். லினக்ஸில் ஆல்ட்-ஜிஆர் இண்டர்நேஷனல் என்ற வகையில் இந்தத் தொல்லை இல்லை.

கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்ற கீகளை மாற்றியமைக்கும் வயா என்ற இணையதளம் போதும். மாற்றம் கீபோர்டுக்குள்ளேயே பதிவதால், எதையும் நிறுவ விடாத அலுவலகக் கணினியிலும் செல்லும். கேபிள் செருகி, இணைப்பு ஸ்விட்சைக் கேபிள் பக்கம் வைத்து, அந்தத் தளத்தைக் குரோமிலோ எட்ஜிலோ திறவுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் கீபோர்டைக் கண்டுகொள்ளாது. கீ அமைப்பு அடுக்குகளில் (லேயர்) 0, 1 மேக்குக்கு. 2, 3 விண்டோஸுக்கு. மேக்/விண்டோஸ் ஸ்விட்ச் விண்டோஸில் இருக்க லேயர் 0-வைத் திருத்திவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். எல்லாம் குழம்பினால் எஃப்என், ஜே, இசட் மூன்றையும் சேர்த்து 4 விநாடி அழுத்துங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும்.

தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் எழுதுகிறவர்களுக்கு யு.எஸ். லேயவுட் இன்னும் முக்கியம். ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் யு.எஸ். கீபோர்டின் குறியீட்டுக் கீகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. லினக்ஸில் எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தட்டும்போது அடியில் ஜெர்மன் லேயவுட் இருந்தால் ச வராது, ள தட்டினால் ஔ விழும். அடித்தளத்தை யு.எஸ்.ஸில் வைத்தால் சரியாகும்.

கீக்கு அடியிலுள்ள ஸ்விட்சைச் சால்டரிங் இல்லாமல் கழற்றி மாற்றக்கூடிய ஹாட்-ஸ்வாப் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் கேட்டரான் லோ-ப்ரொஃபைல் (உயரம் குறைந்த) ஸ்விட்ச் மட்டுமே பொருந்தும். கடையில் எளிதாகக் கிடைக்கும் வழக்கமான உயரமுள்ள எம்.எக்ஸ். ரகம் உட்காராது. ஊர் கிளம்பும்முன் நான்கைந்து உதிரி ஸ்விட்சும் கழற்றும் இடுக்கியும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.